கட்டபொம்மன் காலத்துப் பாபநாசம் எப்படி இருந்தது? பென்சிலோடு நெல்லைக்கு வந்த தாமஸ் டேனியலின் கதை

ராஜபாளையத்திலிருந்து தென்காசி பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடிப்பார்கள். காரணம் மலை. சேத்தூர் வந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலை இன்னும் கிட்டத்தில் வந்து நிற்கும். சாரல் சீசன் என்றால் மேகம் பாதி மலையை மூடியிருக்கும். உடனே போன் வெளியே வரும், நாலு போட்டோ, ஒரு வீடியோ, ஸ்டேட்டஸ். அப்புறம்? மலையின் உச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அடிவாரத்தில் இருந்தது தென்னையா பனையா என்று யாராவது கேட்டால் போனைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இதே மலைத்தொடரில், சேத்தூரிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது பாபநாசம். 1792-ல் அங்கே இரண்டு பேர் அருவி முன்னால் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தார்கள். ஒருவருக்கு வயது 43, இன்னொருவருக்கு 23. சித்தப்பாவும் அண்ணன் மகனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் தாமஸ் டேனியல், சின்னவர் வில்லியம் டேனியல். இங்கிலாந்துக்காரர்கள். பழைய சென்னை, தஞ்சைப் பெரிய கோயில், மதுரை என்று நம் ஊர்களைப் பற்றி வரும் வரலாற்றுப் பதிவுகளில் மங்கலான மஞ்சள் நிற ஓவியம் ஒன்றைப் பார்த்திருந்தால், அது இவர்கள் போட்டதாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பெயர் தெரியாமலே நாம் நிறைய ஃபார்வர்ட் செய்த ஓவியர்கள் இவர்கள்.

அந்த ஓவியங்கள் நேரடியாக அப்படியே பிறக்கவில்லை. முதலில் பென்சில் தாள், அப்புறம் மெல்லிய நீர்வண்ணம், பல வருஷம் கழித்து செம்புத் தகடு. அந்தப் பயணம்தான் இந்தக் கதை.

யார் இந்த தாமஸ்?

1749-ல் லண்டனுக்குப் பக்கத்தில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டனில் பிறந்தவர். அப்பா சத்திரம் நடத்தியவர். ஓவியக் கல்லூரியில் சேரும் வசதியெல்லாம் இல்லை. சிறுவயதில் சேர்ந்த வேலை, கோச்சு வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பது. அந்தக் காலத்துப் பணக்காரர்கள் தங்கள் குதிரை வண்டியின் கதவில் குடும்பச் சின்னத்தை வரைந்து வைப்பார்கள். அதை வரைகிற பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டார். நம் ஊரில் லாரி பாடியில் மயிலும் தாமரையும் வரைபவர்கள் இருக்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. கோடு நேராகப் போகணும், கை நடுங்கக் கூடாது, வாடிக்கையாளர் சொன்ன தேதியில் முடிக்கணும். பின்னால் இந்தியாவில் அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பட்டறைப் பழக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1773-ல் லண்டன் ராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் இடம் கிடைத்தது. பூக்கள் வரைந்தார், இயற்கைக் காட்சிகள் வரைந்தார், கண்காட்சிகளில் வைத்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் காலத்து லண்டனில் காசு பார்த்தவர்கள் பணக்காரர்களின் முகங்களை வரைந்தவர்கள்தான். மரமும் ஓடையும் வரைகிறவரை யாரும் தேடி வரவில்லை. இதற்கிடையில் 1779-ல் அண்ணன் இறந்துபோக, அவர் மகன் வில்லியமை வளர்க்கும் பொறுப்பும் தாமஸிடம் வந்தது. அவர் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பையன்தான் அவருக்குக் குடும்பம், சிஷ்யன், பார்ட்னர் எல்லாமே.

35 வயது, கையில் பெரிய வருமானம் இல்லை. அப்போது அவர் எடுத்த முடிவு, இன்றைய மொழியில் சொன்னால், வெளிநாடு போய்ப் பார்க்கலாம் என்பதுதான். 1784-ல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கல்கத்தாவுக்குப் போக அனுமதி கேட்டார். ஓவியர் என்று கேட்கவில்லை, செதுக்கி அச்சடிப்பவர் என்று கேட்டார். உதவியாளராக அண்ணன் மகனையும் சேர்த்துக்கொண்டார். 1785 ஏப்ரலில் கப்பல் ஏறினார்கள். சீனாவைச் சுற்றிக்கொண்டு 1786 தொடக்கத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். வில்லியமுக்கு அப்போது பதினாறு வயதுதான்.

கல்கத்தாவில் முதல் அடி

வந்த உடனே தாமஸ் ஒரு திட்டம் போட்டார். கல்கத்தா நகரத்தின் 12 காட்சிகளை வரைந்து, அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி விற்பது. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த முறை அக்வாடின்ட். கொஞ்சம் நின்று இதைப் புரிந்துகொள்ளலாம், மீதிக் கதைக்குத் தேவைப்படும்.

ஒரு செம்புத் தகடு. அதன் மேல் குங்கிலியம் மாதிரியான பிசின் பொடியை மிக மெல்லிசாகத் தூவி, சூடு காட்டி ஒட்ட வைப்பார்கள். பிறகு அமிலத்தில் முக்குவார்கள். பொடித் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை அமிலம் அரிக்கும். அதிக நேரம் அரித்த இடம் கருமையாக அச்சாகும், குறைந்த நேரம் அரித்த இடம் வெளுப்பாக அச்சாகும். இதனால் நீர்வண்ண ஓவியம் போல மேகம், நிழல், தண்ணீர் எல்லாவற்றையும் அச்சிலேயே கொண்டுவர முடிந்தது. ஒரு சிக்கல் என்னவென்றால், தகட்டில் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். இல்லையென்றால் அச்சில் கோயில் கோபுரம் தப்பான பக்கம் நிற்கும். செல்ஃபி கேமராவில் டிஷர்ட் எழுத்து தலைகீழாகத் தெரியுமே, அந்தப் பிரச்னை.

கல்கத்தாவில் இதைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தானே கற்றுக்கொண்டு, உள்ளூர்க் கைவினைஞர்களை வைத்துக்கொண்டு, ஓவியர், செதுக்குபவர், செம்பு வேலைக்காரர், அச்சடிப்பவர் என எல்லா வேலையையும் தானே பார்க்க வேண்டியிருந்தது என்று நண்பருக்குக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். உடம்பும் கெட்டது. ஆனாலும் 1788-க்குள் 12 படங்களும் முடிந்தன. விற்றன. அந்தப் பணம்தான் அடுத்த பயணத்துக்கு முதல்.

பார்த்ததைச் சரிபார்க்கும் பழக்கம்

1788-ல் இருவரும் படகில் கங்கை வழியாக வடக்கே கிளம்பினார்கள். ஆக்ரா, டெல்லி, இமயமலையில் கட்வாலின் ஸ்ரீநகர் வரை போனார்கள். அதற்கு முன் அந்தப் பக்கம் ஐரோப்பிய ஓவியர்கள் போனதில்லை.

இந்தப் பயணத்தில் சுவாரஸ்யமான விஷயம், அவர்கள் கையோடு ஒரு போட்டியாளரின் படங்களையும் வைத்திருந்தது. வில்லியம் ஹாட்ஜஸ் என்பவர் சில வருஷங்களுக்கு முன்பே இந்தியாவைச் சுற்றி வந்து படங்கள் வெளியிட்டிருந்தார். கேப்டன் குக்கின் கடல் பயணத்தில் ஓவியராகப் போன பிரபலம் அவர். டேனியல்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹாட்ஜஸ் வரைந்த அதே இடத்தில் போய் நின்று, அவர் படத்தையும் எதிரில் இருக்கும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பல இடங்களில் ஹாட்ஜஸ் இஷ்டத்துக்கு வரைந்திருக்கிறார் என்பது அவர்கள் முடிவு. வில்லியம் எழுதிய டைரியில் இந்த விமர்சனங்கள் பதிவாகியிருக்கின்றன. 1789-லேயே ஃபேக்ட் செக்!

அவர்கள் துல்லியத்துக்கு நம்பியது கேமரா அப்ஸ்க்யூரா என்ற பெட்டியை. ஒரு பக்கம் லென்ஸ், உள்ளே கண்ணாடி. எதிரே இருக்கும் காட்சி தாளின் மேல் சின்னதாக விழும். அதைப் பென்சிலால் தொடர்ந்து வரைந்தால் கோபுரத்தின் உயரமும் அகலமும் சரியான அளவில் வந்துவிடும். ஃபிலிம் கண்டுபிடிக்கப்படாத கேமரா என்று சொல்லலாம். இது ஏமாற்று வேலை இல்லையா என்று சிலர் கேட்பார்கள். பெட்டி வெளிக்கோட்டைத்தான் கொடுக்கும். எந்த இடத்தில் உட்காருவது, எந்த நேரத்து வெயிலில் வரைவது, முன்னால் நிற்கும் மரத்தை விடுவதா சேர்ப்பதா என்று எதையும் அது சொல்லாது. நாள் முழுக்க வெயிலில் உட்காருவதும் மனுஷன்தான்.

வேலை ஓடிய விதம் இப்படி. வழியில் பென்சில் கோடு. முடிந்தால் அங்கேயே, இல்லையென்றால் படகிலோ கூடாரத்திலோ, சாம்பல் நிறத்தில் நிழல், அதன் மேல் லேசாக வண்ணம். தாளில் இடத்தின் பெயர், எண், சிலவற்றில் மாதம், வருஷம். எங்காவது சில மாதங்கள் தங்கும்போது எண்ணெய் ஓவியங்கள். வட இந்தியப் பயணம் முடிந்து பாகல்பூரில் சாமுவேல் டேவிஸ் என்ற கம்பெனி அதிகாரியின் வீட்டில் ஏறத்தாழ ஒரு வருஷம் தங்கி இதைத்தான் செய்தார்கள்.

இவ்வளவு ஓவியங்களையும் யார் வாங்குவார்கள்? அங்கேதான் லாட்டரி வருகிறது. 1791-ல் கல்கத்தாவில் சுமார் 150 ஓவியங்களைப் பரிசாக வைத்து டிக்கெட் விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் தெற்கே கிளம்பினார்கள். இன்றைய க்ரவுட் ஃபண்டிங்கின் தாத்தா.

போர் முடிந்த மண்ணில்

1792 மார்ச்சில் கப்பலில் சென்னை வந்தார்கள். அந்தத் தேதி முக்கியம். அதே மாதம்தான் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு சுல்தான் தன் ராஜ்யத்தில் பாதியை இழந்தார். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பகுதிகளைக் கொண்ட பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்குப் போயின.

லண்டன் பத்திரிகைகளில் தினமும் அடிபட்ட பெயர்கள் இந்தக் கோட்டைகள். அவை எப்படி இருக்கும் என்று பார்க்க அங்கே ஆசை. தாமஸ் நல்ல ஓவியர் மட்டுமில்லை, எது ட்ரெண்டிங் என்று தெரிந்தவரும்கூட. ஏப்ரலிலேயே கிளம்பிவிட்டார். போன வழியில் ராயக்கோட்டை, ஓசூர், சங்ககிரி என்று மலைக்கோட்டைகளாக வரைந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் அமைதியான பாறை, மாடு மேய்க்கும் சிறுவன், மாலை வெளிச்சம். சில மாதங்களுக்கு முன் அங்கே பீரங்கி வெடித்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த அமைதியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் வாதம் இருக்கிறது. கம்பெனி பிடித்த நாட்டை அழகான, ஆபத்தில்லாத நாடாகக் காட்டியவர்கள் என்பது ஒரு கட்சி. பார்த்ததை வரைந்தவர்கள், அவ்வளவுதான் என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டுமே உண்மை என்றுதான் படுகிறது. கோடு சரியாக இருக்கலாம். எதை வரையாமல் விட்டார்கள் என்பதும் ஒரு தேர்வுதானே.

வரையாமல் விட்டதில் முக்கியமானது அவர்கள் கூடவே வந்த ஆட்கள். இரண்டு பல்லக்கு, அவற்றை முறை மாற்றித் தூக்குபவர்கள், குதிரைக்காரர்கள், மாட்டு வண்டிகள், சமையல்காரர், சாமான் சுமப்பவர்கள், பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷ் என்று ஐம்பது பேருக்கு நெருக்கமான கூட்டம். கோடை வெயிலில், சாலையே இல்லாத இடங்களில், மேசையையும் கேமரா பெட்டியையும் தாள் கட்டுகளையும் நனையாமல் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட கன்னியாகுமரி பக்கம் வரை நடந்தவர்கள் இவர்கள்தான். படங்களுக்குக் கீழே இரண்டு பெயர்தான் இருக்கிறது.

நெல்லைச் சீமையில்

மதுரை வழியாகத் தெற்கே இறங்கி, 1792 ஜூலை வாக்கில் பாபநாசம் வந்தார்கள். தென்மேற்குப் பருவமழைக் காலம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம், குற்றாலத்தில் சீசன், சேத்தூர் வரைக்கும் சிலுசிலு காற்று, தாமிரபரணியில் புதுத் தண்ணீர்.

அந்த மாதத்தில் இன்னொரு விஷயமும் நடந்தது. 1792 ஜூலையில் ஆற்காடு நவாபோடு கம்பெனி ஒரு புது ஒப்பந்தம் போட்டது. பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை அதன்மூலம் கம்பெனியிடம் வந்தது. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் பட்டத்துக்கு வந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. சேத்தூர், சிவகிரி, ஊற்றுமலை என்று மலையடிவாரம் முழுக்கப் பாளையங்கள். அடுத்த ஏழு வருஷத்தில் கயத்தாறு வரை போய் முடியும் கதைக்கு அப்போதுதான் முதல் கையெழுத்து விழுகிறது. அதே சமயம் அதே சீமையில் இரண்டு பேர் அருவி வரைந்துகொண்டிருக்கிறார்கள். சினிமாவில் வைத்தால் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோம்.

பாபநாசம் அருவிப் படத்தில் முதலில் கண்ணில் படுவது தண்ணீரின் கனம். பாறை இடுக்கிலிருந்து மொத்த ஆறும் சரிந்து விழுகிறது. மனிதர்கள் ரொம்பச் சின்னதாக. சாதாரணமாக ஐரோப்பிய ஓவியர்கள் இப்படிச் செய்வது மலையின் பிரம்மாண்டத்தைக் காட்ட. ஆனால் இந்த இடத்தின் பெயரிலேயே பாபம் போகும் என்ற நம்பிக்கை இருக்கிறது, குளிக்க வரும் ஜனங்கள் இல்லாமல் அருவி இல்லை. அந்த வகையில் அது சரியான படமும்கூட.

இன்னொரு படம் களக்காட்டுக்குப் பக்கத்திலிருந்து வரைந்தது. தலைப்பு என்னவோ கன்னியாகுமரி என்று இருக்கும். ஆனால் படத்தில் பெரிதாக நிற்பது மலைத்தொடர்தான். நாட்டின் தெற்கு முனையை நோக்கி ஓடும் மலை. நாகர்கோவில், வள்ளியூர் பக்கம் ரயிலில் போனவர்களுக்கு அந்த முகடுகள் உடனே அடையாளம் தெரியும். 230 வருஷத்துக்கு முந்தைய படத்தில் உங்களுக்குத் தெரிந்த மலை உச்சியைக் கண்டுபிடிப்பது ஒரு தனி அனுபவம். மரம் போயிருக்கும், குளம் மாறியிருக்கும், உச்சி அப்படியே இருக்கும்.

மதுரையில் அவர்கள் வரைந்தவை வேறு விதத்தில் உதவுகின்றன. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தின் உள்பக்கத் தூண் வரிசையை வரைந்தார்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சிதிலமான நிலையில் வரைந்தார்கள். இன்று லைட் அண்ட் சவுண்ட் ஷோ பார்க்கப் போகிறோமே, அந்த மகால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு காலத்தில் பழுது பார்க்கப்பட்டது. அதற்கு முன் எந்த அளவுக்கு இடிந்து கிடந்தது என்று காட்டும் கண்சாட்சி இந்தப் படங்கள். கேமரா வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னால் எடுத்த போட்டோ மாதிரி.

தஞ்சைப் பெரிய கோயில், அதன் நந்தி, திருச்சி மலைக்கோட்டை, மாமல்லபுரம் எல்லாம் இதே பயணத்தில் சேர்ந்தவை. சென்னை திரும்பிய பிறகு பழைய ஃபார்முலா, இன்னொரு லாட்டரி. 1793 தொடக்கத்தில் 68 எண்ணெய் ஓவியங்கள் போயின. ஆனால் பென்சில் தாள்களை விற்கவில்லை. இதைக் கவனியுங்கள். ஓவியம் ஒருவர் வீட்டுச் சுவரோடு முடிந்துவிடும், தாள் கையில் இருந்தால் அதிலிருந்து எத்தனை ஓவியம் வேண்டுமானாலும் வரும். அதை இருவரும் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள்.

பிறகு பம்பாய், எலிபென்டா, கார்லே குகைகள். 1794 செப்டம்பரில் இங்கிலாந்து. கிளம்பிப் போய் ஒன்பது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

தாள்கள் 30 வருஷம் சோறு போட்டன

அவர்களின் பெரிய வேலை இனிமேல்தான் தொடங்குகிறது. கட்டுக் கட்டாகக் கொண்டுவந்த தாள்களை லண்டனில் பிரித்து, செம்புத் தகட்டில் ஏற்ற ஆரம்பித்தார்கள். 1795-ல் முதல் தொகுதி. அப்படியே 1808 வரை, ஆறு தொகுதிகள், மொத்தம் 144 படங்கள். தொகுப்புக்குப் பெயர் ஓரியன்டல் சீனரி. முழுத் தொகுப்பின் விலை 210 பவுண்டு. அந்தக் காலத்தில் அது பணக்காரர்களால் மட்டுமே முடிகிற காசு.

பாபநாசம் அருவி அச்சானது, அதை நேரில் பார்த்து பத்து வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு. லண்டன் குளிரில், ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே ஒருவர் தாமிரபரணிப் பாறையின் நிழலை அமிலத்தில் எத்தனை நிமிஷம் முக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மனதில் அருவிச் சத்தம் மிஞ்சியிருக்குமா? தெரியாது. தாளில் கோடு மிஞ்சியிருந்தது.

இந்த இடைவெளியில்தான் மாற்றங்களும் நுழைந்தன. பென்சில் தாளையும் அச்சுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல இடங்களில் கட்டடமும் மலையும் மாறவில்லை, முன்பக்கம் மாறியிருக்கிறது. புதிதாக ஒரு மரம், சில யானைகள், தலைப்பாகைக்காரர்கள் இருவர். வானத்தில் தேவைக்கேற்ற மேகம். அப்போதைய ஆங்கிலேய ரசனைக்குக் காட்சி இப்படித்தான் இருக்கணும் என்று ஒரு இலக்கணம் இருந்தது. கரடுமுரடாக முன்பக்கம், நடுவில் வெளிச்சம், தூரத்தில் நீல மலை. ஹாட்ஜஸைக் குறை சொன்னவர்களும் கொஞ்சம் ஃபில்டர் போட்டவர்கள்தான். அதனால் பழைய படத்தை வைத்து எங்கள் ஊர் இப்படித்தான் இருந்தது என்று ஸ்டேட்டஸ் போடுமுன், கல்லை நம்பலாம், ஆளைக் கொஞ்சம் யோசித்து நம்பலாம்.

அச்சு வேலையில் பெரும்பங்கு வில்லியமுடையது. அக்வாடின்டில் இங்கிலாந்திலேயே மிகச் சிறந்த கைகளில் ஒன்றாக அவர் வளர்ந்தார். சித்தப்பா 1799-ல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் ஆனார். வில்லியம் அந்த இடத்துக்கு வர 1822 வரை காத்திருந்தார். பிறகு அவர் தனியாக இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கடற்கரை முழுவதையும் சுற்றி, அதே முறையில் ஊர் ஊராக ஸ்கெட்ச் போட்டு, 1814-லிருந்து 1825-க்குள் 308 படங்கள் வெளியிட்டார். ராயக்கோட்டையிலும் களக்காட்டிலும் கற்ற வேலை ஸ்காட்லாந்துத் தீவுகளில் பயன்பட்டது. நாம் வழக்கமாக உல்டாவாகத்தானே கேள்விப்படுவோம், அங்கே கற்று இங்கே வந்தார்கள் என்று.

தாமஸ் இந்தியாவுக்குத் திரும்பி வரவேயில்லை. ஆனால் 1820கள் வரை இந்தியக் காட்சிகளையே வரைந்துகொண்டிருந்தார், அதே தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. குளோஸ்டர்ஷயரில் செசின்கோட் என்ற மாளிகையின் தோட்டத்துக்கு அவர் யோசனை கொடுத்தார். ஒரு சின்ன சூரியன் கோயில், பாலத்தின் மேல் நந்திகள். ஆங்கிலேயக் கிராமத்து ஓடைக்கு மேல் நந்தி உட்கார்ந்திருக்கும் காட்சி இன்றும் அங்கே இருக்கிறது.

1837-ல் வில்லியம் இறந்தார், 68 வயதில். தாமஸுக்கு அப்போது 88. பத்து வயதிலிருந்து வளர்த்த பையனை அனுப்பிவைத்துவிட்டு, மேலும் மூன்று வருஷம் இருந்தார். 1840 மார்ச்சில், 91 வயதில் மறைந்தார். லண்டன் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

இப்போ எங்கே பார்க்கலாம்?

பென்சில், நீர்வண்ணத் தாள்கள் நிறைய லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. எண்ணெய் ஓவியங்கள் பார்க்க லண்டன் போக வேண்டாம், கொல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் நல்ல தொகுப்பு இருக்கிறது. அச்சுப் படங்கள் இணையத்தில் தெளிவாகவே கிடைக்கும். தேடும்போது ஒரு சின்ன டிப்ஸ்: ஊர்ப்பெயர்கள் அன்றைய ஆங்கில உச்சரிப்பில் இருக்கும். பாபநாசம் பப்பனாசம் ஆகியிருக்கும், களக்காடு கல்காட் ஆகியிருக்கும். அதனாலேயே நம் ஊர்ப்படங்கள் நம் கண்ணில் படாமல் தப்பிவிடுகின்றன.

இந்தக் கட்டுரைக்காக ஒரு காரியம் செய்து பார்த்தேன். சேத்தூர் பக்கம் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, போனை பைக்குள் போட்டுவிட்டு, மலையைப் பென்சிலால் வரைந்தேன். நான் ஓவியர் இல்லை. வந்தது தோசை விளிம்பு மாதிரி ஒரு கோடு. ஆனா இருபது நிமிஷத்தில், இத்தனை வருஷம் பஸ்ஸில் பார்த்துக்கொண்டு போன அந்த மலை ஒரே சுவர் இல்லை, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று வரிசை என்று தெரிந்தது. நடு வரிசைக்கும் பின் வரிசைக்கும் நடுவில் மேகம் நுழைந்து வெளியே வந்தது. தாளின் மூலையில் தேதியும் நேரமும் எழுதினேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா எட்டிப் பார்த்து, சாஸ்தா கோயில் பக்கத்துப் பள்ளத்தை விட்டுட்டீங்களே தம்பி என்று திருத்தினார். அவர் சொன்னது சரிதான். சேர்த்தேன்.

பாபநாசத்துக்கும் டேனியல் படத்தை போனில் வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் படத்தில் இருக்கும் தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள். அணை கட்டி, 1944-ல் மின் உற்பத்தி தொடங்கிய பிறகு ஆற்றின் போக்கு மனிதன் கையில். சீசனில் நல்ல மழை பெய்து, அணையிலும் தண்ணீர் திறந்திருந்தால்தான் பாறை அந்த அளவுக்கு நனையும். மேலே மலைக்குள் போவதென்றால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும். அங்கே பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் கூடாது. பென்சிலுக்குத் தடை இல்லை.